பொருள்: சாம்பல்

லாரி வெளிச்சத்தில் எல்லாமே சாம்பல்தான்.
அத்திப்பட்டு எடைமேடையில் ராத்திரி சீட்டு போடுகிறவளுக்கு
டயர், தார்ப்பாய், டிரைவரின் கண்ணிமை,
மூடி வைக்க மறந்த சோறு
எல்லாம் ஒரே நிறம்.
அந்த நிறத்தில் ஒரு துண்டு
ஒருநாள் எழுந்து பறந்தது.

"பக்கி" என்றார் கேட்டில் நின்ற எத்திராஜண்ணன்.
என்னைத்தான் திட்டுகிறார் என்று முறைத்தேன்.
எங்கள் தெருவில் அது வசவு.
ஒரு பறவைக்குப் பேர் என்று
முப்பத்திரண்டு வயதில் தெரிந்துகொண்டேன்.

பகலெல்லாம் சாம்பல் மேட்டில் கல்லோடு கல்லாகக் கிடக்கும்.
கால் வைக்க ஒரு விரற்கடை மிஞ்சும்வரை அசையாது.
இருட்டினால் கம்பத்து விளக்கடியில்
ஊர்ப்பட்ட அகலத்துக்கு வாயைத் திறந்துகொண்டு
ஈசலை, விட்டிலை, பேர் தெரியாததை எல்லாம்
அள்ளிக்கொண்டே போகும்.
றெக்கையில் சத்தமே இருக்காது.
பூச்சிக்குத் தெரியாது, எதற்குள் நுழைந்தோம் என்று.

அதில் இரண்டு தினுசு உண்டென்று
கண்ணுக்கு முன்னால் காது சொன்னது.

ஒன்று தரையில் உட்கார்ந்து கூப்பிடும்.
கேரம் காய் சிமெண்டில் விழுந்தாற்போல:
டொக். டொக். டொக் டொக் டொடொடொர்ர்ர்.
யாராவது குனிந்து எடுக்க மாட்டார்களா என்றிருக்கும்.
மற்றது கொஞ்சம் பெரிசு, பறந்துகொண்டேதான் கத்தும்.
ச்வீக். ச்வீக்.
எண்ணெய் காணாத சைக்கிள் பிரேக்,
மணலிப் பக்கம் எரிகிற சிம்னித் தீக்கும்
எங்கள் தகரக் கூரைக்கும் நடுவில்
எதையோ நிறுத்தப் பார்க்கிற மாதிரி.

ஆய்வுக் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார்.
கழுத்து அட்டையில் ஹேமச்சந்திரன்.
படிவத்தில் பக்கிக்கு ஒரே கட்டம்.
ரெண்டு இருக்கு சார், என்றேன்.
"பாத்தீங்களா?"
கேட்டேன்.
"கேட்டதே போதும்மா. கட்டம்தான் ஒண்ணு."
எழுந்து போகும்போது சொன்னார்:
ஆண் பறவையாக இருந்தால் வாலைப் பார்க்கணும்.
ஓர இறகு நுனியில் மட்டும் வெள்ளையா, சின்னது.
கிட்டத்தட்ட முழுக்க வெள்ளையா, மற்றது.
"ஆனா விரிச்சுப் பாக்கணும்னா கையில கிடைக்கணும்.
யார் குடுப்பா?"
சிரித்தார்.

சூப்பர்வைசருக்கு நானும் நிரோஷாவும் ஒரே ஆள்.
சாம்பல் கோட்டு, சாம்பல் தொப்பி.
அவள் போட்ட தப்புச் சீட்டுக்கு
நான் ரெண்டு தடவை வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.
அவள் ஏப்பம் விடுகிற மாதிரி சிரிப்பாள்,
எனக்குச் சிரிப்பே வராது,
அதையாவது கவனித்திருக்கலாம் மனுஷன்.

ஐப்பசியில் மழை விட்ட ஒரு விடியற்காலை,
நாலே முக்கால் இருக்கும்,
பதினாறு சக்கர வண்டி இறங்கிப் போன பிறகு
மேடை இரும்பில் ஒட்டிக்கொண்டு கிடந்தது.
எடுத்தேன். சூடு போகவில்லை.
யார் கொடுப்பார் என்றாரே, கொடுத்துவிட்டார்கள்.
வால் சீட்டுக்கட்டு போல விரிந்தது.
ஓர இறகெல்லாம் வெள்ளை.
ராத்திரிக்குள் இவ்வளவு வெள்ளையை
எங்கே வைத்திருந்தாய்?

இந்த மேடை இருபது கிலோவுக்குக் கீழே
எதையும் மதிக்காது. தெரியும்.
தெரிந்துதான் நடுவில் வைத்தேன்.
திரையில் பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம்.
சீட்டு அடித்தேன்.
வண்டி எண்: வெறும் கோடு.
நிகர எடை: 0.
பொருள்: சாம்பல்.
அது மிஷின் தானாகப் போடுவது, நான் மாற்றவில்லை.

அன்று சாயங்காலம் ஷிஃப்டுக்குள் நுழையும்போதே
கேரம் காய் விழ ஆரம்பித்திருந்தது.
டொக். டொக்.
"உன் பக்கி உசுரோடதான் கீது" என்றாள் நிரோஷா.
அது வேற, என்றேன்.
அண்ணாந்தபடியே நின்றேன்.
பின்னால் ஹாரன் அடித்தார்கள்.